இருநூற்று ஏழாம் படத்தின் மேல்பாதி

ஆழ்கடலுக்கு அனுப்புகிற பெட்டியை மூடுவது அண்டாவுக்குத் தட்டுப் போட்டு மூடுகிற காரியம் அல்ல. நாலாயிரம் மீட்டர் ஆழத்தில் ஒரு கட்டைவிரல் நகத்தின் அகலத்துக்கு நானூறு கிலோ தண்ணீர் உட்கார்ந்து அழுத்தும். அதாவது ஒரு நகத்தின் மேல் எட்டு சிமெண்டு மூட்டை. முப்பத்தாறு வயது வரை சிமெண்டு மூட்டை சுமந்த ஆளுக்கு இந்தக் கணக்கை யாரும் பலகையில் எழுதிக் காட்ட வேண்டியிருக்கவில்லை. முதுகுக்கே தெரியும்.

பட்டறையில் அவரை எல்லோரும் மூடி என்றுதான் கூப்பிட்டார்கள். வயதில் சின்னவர்கள் மூடி அண்ணன் என்பார்கள். காமிரா உட்காருகிற எஃகு உருளையின் வாயில், நாலு விரல் கனமுள்ள வட்டக் கண்ணாடியை வைத்து, நடுவில் ரப்பர் வளையம் கொடுத்து, பன்னிரண்டு போல்ட்டையும் எதிரெதிராக முறுக்கி மூடுவது அவர் வேலை. வளையத்தில் ஒரு தலைமுடி கிடந்தால் போதும், அந்த முடி விட்ட வழியாகக் கடலே உள்ளே வந்துவிடும். பதினோரு வருஷத்தில் அவர் மூடியது ஒன்றுகூட ஒழுகியதில்லை.

“மூடி மூடினா தண்ணிகூட அனுமதி கேட்டுட்டுத்தான் உள்ள வரணும்” என்பார் வெல்டர். மூடி அந்த ஒரு பேச்சைப் போர்த்திக்கொண்டே பதினோரு மழைக்காலத்தைக் கழித்திருந்தார்.

அதில் ஒரு ரகசியம் உண்டு. மூடுகிற அறைக்குள் போனால் இரண்டு கையிலும் மெல்லிய உறை இருக்க வேண்டும் என்பது விதி. “உறையக் கழட்டினவங்க மறுநாள்லேர்ந்து இந்த அறைக்குள்ள வர வேண்டாம்” என்று இன்ஜினியர் முதல் நாளே சொல்லிவிட்டார். ஆனால் உறை போட்ட விரலுக்கு முடியும் தெரியாது, மணலும் தெரியாது. அதனால் மூடி என்ன செய்வார் என்றால், கதவுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, வலது கை உறையை மட்டும் உருவிவிட்டு, வெறும் விரலால் வளையத்தை ஒரு சுற்றுத் தடவிப் பார்ப்பார். விரல் சரி என்று சொன்ன பிறகு உறையை மாட்டிக்கொள்வார். அவர் முதுகு காட்டுவதைக் கூச்ச சுபாவம் என்று மற்றவர்கள் நினைத்திருந்தார்கள்.

அந்த விரல்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிமெண்டு தின்று ரேகை போன விரல்கள். கேட்டில் வருகைக்கு விரல் வைக்கிற மிஷின் அவரை ஒரு நாளும் ஏற்றுக்கொண்டதில்லை. “உன்ன அதுக்கு ஆளாவே தெரியல” என்று கேட்காரர் தினமும் சொல்லி, தனியாக ஒரு நோட்டை நீட்டுவார். முதலில் அந்த நோட்டில் மசியைத் தொட்டுக் கைநாட்டுத்தான் வைத்தார். அது ஒரு கருப்புத் திட்டாக விழும். நாற்பத்து மூன்று வயதில் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, மருந்துச் சீட்டையும் பஸ் பலகையையும் காட்டிக் காட்டி எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள். அன்றிலிருந்து கையெழுத்து. இனிமேல் என் விரல் எனக்காகப் பேசாது, நான்தான் பேசுவேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். சொல்லிக்கொண்டதோடு சரி.

பட்டறையில் ஆறு வருஷமாக உருவாகிக்கொண்டிருந்த கருவிக்கு நண்டு என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆள் உயர இரும்புச் சட்டம், நாலு கால், வயிற்றில் மண் அள்ளுகிற பெட்டி, தலையில் காமிரா, இரண்டு பக்கமும் ஃப்ளாஷ் விளக்கு. சட்டத்துக்குக் கீழே ஒரு கயிற்றில் இரும்புக் குண்டு தொங்கும். கப்பல் மெல்ல நகர நகர, நண்டைத் தூக்கித் தூக்கி இறக்குவார்கள். குண்டு கடல்தரையைத் தொட்டுக் கயிறு தளரும்போதெல்லாம் ஒரு படம் விழும். கடைசியில் நண்டையே தரையில் உட்கார வைத்தால் பெட்டி வாயை மூடி மண்ணை அள்ளிக்கொள்ளும். முதல் தடவை இறக்கியபோது கால் நாலும் சேற்றில் புதைந்து குப்புற விழுந்தது. வெல்டர் அகலத் தட்டுகளைப் பாதமாக ஒட்டவைத்தார். இரண்டாம் தடவை விளக்கு எரியவில்லை. முந்நூறு படமும் அடுப்புக்கரி நிறத்தில் வந்தன. மூன்றாம் தடவைதான் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

அந்த மூன்றாம் தடவைக்குக் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தவர் ஊதாதே அக்கா. மூடும் அறைக்குப் பக்கத்து அறை அவருடையது. கண்ணாடி மேல் தூசி கண்டால் யாருக்கும் வாயைக் குவித்து ஊதத்தான் தோன்றும். ஊதினால் எச்சில் படும். அதனால் யார் அறைக்குள் தலையை நீட்டினாலும் அந்த அம்மாள் நிமிராமலே “ஊதாதே” என்பார். மேலதிகாரி வந்தாலும் அதே வரவேற்புத்தான். பத்தொன்பது வருஷமாகக் கண்ணாடி துடைத்தும் ஒரு தடவைகூடக் கப்பலில் ஏறியதில்லை. “என் கண்ணாடிங்க எல்லாம் போயிட்டுப் போயிட்டு வருது தம்பி. நான்தான் கரையிலயே கெடக்கேன்” என்று மூடியிடம் சொல்வார். அடுத்த பயணத்தில் பட்டறையிலிருந்து ஒருவருக்கு இடம் உண்டு என்றும், அது அக்காவுக்குத்தான் என்றும் முடிவாகியிருந்தது. அதற்காக அக்கா மாடிப்படி ஏறி இறங்கிப் பழகிக்கொண்டிருந்தார். கப்பலில் ஏணிகள் செங்குத்தாக இருக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

மூடிய நாளன்று நடந்தது இவ்வளவுதான். வெளியே லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. மூடி உறையை உருவி வளையத்தைத் தடவினார். சுத்தம். உறையை மாட்டுவதற்குள் லாரிக்காரர் இன்னொரு ஹாரன். சரி, விளிம்பைப் பிடித்துத்தானே வைக்கப்போகிறோம் என்று அக்கா கொடுத்த பையிலிருந்து கண்ணாடியை எடுத்தார். உருளையின் வாயில் வைக்கப் போகும்போது அது பிடியில் சறுக்கியது. கட்டைவிரல் தானாகப் போய் அடியில் தாங்கிக்கொண்டது. அடி என்றால் உட்புறம். ஒரு நொடி. தூக்கிப் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. அக்காவிடம் கொடுத்து ஒரு தடவை துடைக்கச் சொல்லலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. சொன்னால், வெறும் கையால் ஏன் தொட்டாய் என்று கேட்பார். மூன்றாவது ஹாரன் வந்தது. மூடினார்.

பன்னிரண்டு நாள் கழித்துக் கப்பல் திரும்பியது. படங்களைச் சுவரில் போட்டுக் காட்டினார்கள். பட்டறை மொத்தமும் அந்த அறையில் கூடியிருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு படம். முதல் படம் விழுந்ததும் வெல்டர், “அட, நெசமாவே தரை இருக்குதுய்யா” என்றார். எல்லோரும் சிரித்தார்கள், ஆனால் அதுதான் எல்லோர் மனசிலும் இருந்தது. நரைத்த சேற்றுவெளி. மேலே எதுவோ ஊர்ந்துபோன கோடு. குண்டூசி குத்தியது போலத் துளைகள். கருப்புக் கல் ஒன்று. வெயில் என்பதையே கண்டிராத இடம் வெளிச்சத்துக்குத் திடுக்கிட்டு விழித்தது போல இருந்தது.

படம் மாற மாறத்தான் ஒன்று தெரிந்தது. எல்லாப் படத்திலும், நடுவுக்குச் சற்று மேலே, ஒரே இடத்தில், பால் சிந்தியது போல ஒரு மங்கல்.

இருநூற்று ஏழாம் படத்தில் புழு டாக்டர் எழுந்து நின்றுவிட்டார். கடலடிப் புழு பூச்சிகளை ஆராய்கிற அம்மாள் அவர். மண்ணில் ஒரு மெல்லிய தண்டு நின்றது. தண்டிலிருந்து இரண்டு பக்கமும் மயில்தோகைக் கம்பி போல ஏதோ விரிந்து மேலே போனது. மேலே போனது அப்படியே மங்கலுக்குள் மறைந்தது.

“இது எனக்குத் தெரிஞ்ச எதுவும் இல்ல” என்றார் டாக்டர். சுவருக்குப் பக்கத்தில் போய், கையால் துடைத்துவிடலாம் என்பது போல மங்கலின் மேல் கையை வைத்தார். “தலை மேலதான் இருக்கணும். தலையப் பாத்தாதான் இது என்ன இனம்னு சொல்ல முடியும். முப்பது வருஷமா நான் பாக்காத ஒண்ணு நின்னுக்கிட்டிருக்கு, அதுக்கு மேல யாரோ துணிய போட்டுட்டாங்க.”

மூடி அதற்குள் தன் வலது கையைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

உருளையைத் திறந்தார்கள். தண்ணீர் ஒரு சொட்டு இல்லை. வெல்டர் பெருமையாக மூடியின் தோளில் தட்டினார். இன்ஜினியர் கண்ணாடியைக் கழற்றி, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தார். உட்புறத்தில் ஒரு கட்டைவிரல் அச்சு, எண்ணெய் மினுக்கோடு இருந்தது. அதைப் படம் பிடித்துக்கொண்டார்.

“யாரோட விரல்?”

ஊதாதே அக்கா கண்ணில் மாட்டுகிற பூதக்கண்ணாடியோடு குனிந்து அதைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, “என்னுது இல்ல” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

“மூடி அண்ணே, நீங்க உறையக் கழட்டினீங்களா?”

“இல்ல சார்.”

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. தும்மல் வருவது போல வந்துவிட்டது. ஆனால் தும்மலைத் திரும்ப உள்ளே இழுக்க முடியுமா?

“பதினோரு வருஷத்துல ஒரு தடவையாவது?”

“இல்ல சார்” என்றார் இரண்டாம் முறையும். இதை யோசித்துத்தான் சொன்னார்.

இன்ஜினியர் கெட்டவர் அல்ல. அவருக்கும் மேலே பதில் சொல்ல வேண்டியவர்கள் இருந்தார்கள். “கண்ணாடி அக்கா அறையிலேர்ந்து வருது. மூடினவர் கழட்டலங்கிறார். நான் என்னன்னு எழுதட்டும்?” என்றார். அக்கா மூடியை ஒரு தரம் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கிக்கொண்டிருக்கலாம். விலாசம் சரிதானா என்று பார்ப்பது போல ஒரு பார்வை.

மறுநாள் அக்கா பேக்கிங் பகுதிக்குப் போனார். பெட்டிகளில் நுரைத்தாள் அடைக்கிற வேலை. கண்ணாடி அறைக்கு வேறு ஆள் வரும் வரை பூட்டு. பத்து நாளில் அதே இடத்துக்குத் திரும்பப் போகும் கப்பலில் அக்காவுக்கு இருந்த இடம் மூடிக்கு மாறியது. “ஒழுகாம மூடின ஆள் கூட இருந்தா நல்லது” என்றார் இன்ஜினியர். திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். வலிக்கிறது, வாயைத் திறக்க முடியாது.

பேக்கிங் பகுதியைத் தாண்டித்தான் டீ குடிக்கப் போக வேண்டும். முதல் நாள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு போனார். இரண்டாம் நாள் அக்காவே முன்னால் வந்துவிட்டார்.

“டீயா? போயிட்டு வாங்க” என்றார் அக்கா.

மூடிக்கு எட்டெடுத்து வைக்க முடியவில்லை. பதினோரு வருஷமாக, “என்ன தம்பி”, “வாடா மூடி”, “கைய நீட்டு, எண்ணெய் இருக்கான்னு பாக்கணும்” என்றுதான் பேச்சு. வாங்க போங்க எல்லாம் கிடையாது. அன்று முதல் மரியாதை வந்துவிட்டது. அதற்குப் பதிலாக ஒரு அறை விட்டிருக்கலாம்.

வெல்டருக்கு இதெல்லாம் தெரியாது. “கப்பல்காரரே, வாந்தி எடுக்கறதுக்கு ஒரு வாளி நானே பத்த வச்சுத் தரட்டுமா? கைப்பிடி வச்சது வேணுமா, வைக்காதது வேணுமா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மூடி சிரித்து வைத்தார். சிரித்த வாய் கசந்தது.

வீட்டிலோ கொண்டாட்டம். மனைவி கம்பளிக் குல்லா ஒன்று வாங்கிவந்து, அவர் தலையில் மாட்டி, கழற்றி, திரும்ப மாட்டிப் பார்த்தாள். எதிர்வீடு, மேல்வீடு, தண்ணீர் பிடிக்கிற இடம் எல்லா இடத்துக்கும் சேதி போயிருந்தது. “மூட்டை தூக்கின மனுஷன் கப்பலுக்குப் போறாரு. சும்மாவா?” மூன்றாம் நாள் பயண உத்தரவு கையில் வந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அதைப் படித்துக் காட்டச் சொன்னாள். எந்தக் காகிதம் வந்தாலும் அவர்தான் படிக்க வேண்டும், அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். அது அவர்கள் வீட்டு வழக்கம்.

அவர் விரலால் வரியைத் தொட்டுத் தொட்டுப் படித்தார். “கண்ணாடிப்… பிரிவில்… நேர்ந்த…” அங்கே நின்றுவிட்டார்.

“ம், மேல?”

அடுத்த வார்த்தை அவருக்குத் தெரியும். நன்றாகவே தெரியும்.

நீளமான வார்த்தை, ஆள் தடுமாறுகிறார் என்று அவள் நினைத்தாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பழைய நாள் மாதிரி விரலை வைத்துப் பிரித்துச் சொன்னாள். “க-வ-ன-க்… கவனக். அப்புறம் குறைவு. சேத்துப் படிங்க.”

“கவனக்குறைவு” என்று படித்தார்.

“பாத்தீங்களா, வருதே. நேர்ந்த கவனக்குறைவு காரணமாக. மேல படிங்க. யாரு பண்ணாங்களாம் அந்தக் கவனக்குறைவ?”

“கண்ணாடி அறையில இருக்கறவங்க” என்றார்.

“பாவம். உங்க அக்காவா? வயசாயிடுச்சுல்ல” என்று சொல்லிவிட்டு அவள் சோறு போட எழுந்தாள். அன்றைக்கு அவர் தட்டை மறைத்துக்கொண்டு பாதியைக் கொட்டினார்.

ஆறாம் நாள் காலையில் கேட்டில் புது விரல் மிஷின் மாட்டியிருந்தார்கள். கேட்காரர் சந்தோஷமாகக் கூப்பிட்டார். “வா, வா. இது ரொம்பக் கெட்டிக்கார மிஷின். உன் விரலையும் படிச்சுடும்னு சொல்றாங்க. வை பாப்போம்.”

வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. திரும்ப வைத்தார். சிவப்பு. கேட்காரர் அவர் கட்டைவிரலைப் பிடித்துத் திருப்பி, வெளிச்சத்தில் பார்த்தார். “ஓரத்துல நாலு கோடு இருக்கு. நடுவுல மொத்தமும் வழுக்கை. இந்த ஊரையே வரிசையா நிக்க வச்சாலும் இந்த விரலத் தனியா எடுத்துடலாம்யா.”

சொன்னவர் விளையாட்டாகத்தான் சொன்னார். டார்ச் வெளிச்சத்தில் பார்த்த அச்சு மூடியின் கண்முன் வந்தது. ஓரத்தில் நாலு கோடு, நடுவில் வழுக்கை. இன்ஜினியருக்கு விரல் என்றால் விரல். ஆனால் அக்கா பூதக்கண்ணாடியில் ரொம்ப நேரம் பார்த்தாரே. “கைய நீட்டு, எண்ணெய் இருக்கான்னு பாக்கணும்” என்று பதினோரு வருஷமாக இதே கையைப் பார்த்தவர் அவர். அக்காவுக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துகொண்டுதான் வாங்க என்கிறார், போங்க என்கிறார். தினமும் அந்த வழியாக டீ குடிக்கப் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நோட்டில் கையெழுத்துப் போட வரவில்லை. முதல் எழுத்திலேயே பேனா நின்றது. கேட்காரர், “என்னய்யா, மறந்துபோச்சா?” என்றார்.

இன்ஜினியர் அறையில் புழு டாக்டரும் இருந்தார். வரைபடத்தை விரித்து, இருநூற்று ஏழாம் படம் எடுத்த இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டிருந்தார். மூடி உள்ளே போய், மேசை மேல் காகிதம் பறக்காமல் வைத்திருந்த பழைய வட்டக் கண்ணாடியை எடுத்தார். அதைத் தன் சட்டையில் துடைத்தார். வலது கட்டைவிரலை நெற்றியில் தேய்த்து, கண்ணாடியின் மேல் அழுத்தினார்.

“அந்தப் படத்தோட வச்சுப் பாருங்க சார்.”

இன்ஜினியருக்கு முதலில் புரியவில்லை. பிறகு டார்ச்சை எடுத்தார், போனை எடுத்தார். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். டாக்டர் பென்சிலைக் கீழே வைத்தார்.

“எதுக்குக் கழட்டினீங்க?”

“உறை போட்டா வளையம் தெரியாது சார். முடி கெடந்தா விரல்தான் சொல்லும்.”

“அன்னிக்கு மட்டுமா?”

“எல்லா நாளும்.”

“பதினோரு வருஷமாவா?”

“ஆமா சார்.”

திட்டுவார் என்று எதிர்பார்த்தார். இன்ஜினியர் நாற்காலியில் சாய்ந்து, முகத்தை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டார். “இத என்கிட்ட சொல்லியிருந்தா, மொதல்ல வளையத்த வெறுங்கையால பாரு, அப்புறம் கையக் கழுவி உறையப் போடு, அதுக்கப்புறம்தான் கண்ணாடியத் தொடுன்னு விதியில ஒரு வரி சேத்திருப்பேனே. ஒரு வரி அண்ணே. எனக்குக் கண்ணாடியும் தெரியாது, ரப்பரும் தெரியாது. உங்களக் கேட்டுத்தானே எழுதறேன்.”

இது மூடி நினைத்தே பார்க்காதது. பதினோரு வருஷம் கதவுக்கு முதுகைக் காட்டி ஒளித்து வைத்திருந்தது, கேட்டிருந்தால் வாங்கிக்கொள்ளக்கூடிய ஒன்று. திருட வேண்டிய அவசியமே இல்லாத பொருளைத் திருடி வைத்திருந்திருக்கிறார்.

“விரல் பட்டது போகட்டும்” என்றார் டாக்டர். குரல் உயரவில்லை. “அந்த அம்மா பேர்ல எழுதும்போது பக்கத்துலதான நின்னீங்க?”

மூடி தலையை ஆட்டினார். டாக்டர் மறுபடி பென்சிலை எடுத்தார்.

அன்று மதியமே உத்தரவு மாறியது. அக்காவுக்குக் கண்ணாடி அறைச் சாவியும் கப்பல் இடமும் திரும்பின. மூடுகிற வேலையும் இனி அக்காவுக்குத்தான். மூடி பேக்கிங்குக்கு. வளையம் பார்க்க மட்டும், கூப்பிட்டால், மூடும் அறையின் வாசல் வரை வரலாம். வெல்டர் சேதி கேட்டுப் பக்கத்தில் வந்து நின்றார். எதையோ சொல்லச் சிரித்துத் தொடங்கி, சொல்லாமல் போனார். அந்த ஆள் வாயிலிருந்து கேலி வராத நாள் அதுதான் முதல்.

மூடி நுரைத்தாள் அடைத்துக்கொண்டிருக்கும்போது, அக்கா தன் பொருள்களை எடுத்துப் போக வந்தார்.

“மன்னிச்சிருங்கக்கா.”

அக்கா தன் டம்ளரையும் துணியையும் பையில் போட்டார். “நான் அன்னிக்கே பாத்துட்டேன்.”

“ஏன் சொல்லலக்கா?”

“நான் சொன்னா, மாட்டிக்கிட்டவ அடுத்தவன் மேல பழி போடறான்னு ஆகும். உங்க வாயால வரட்டும்னு இருந்தேன். சாயங்காலத்துக்குள்ள வருவீங்கன்னு நெனச்சேன்.” பையின் வாரைத் தோளில் மாட்டினார். “ஆறு நாள் ஆயிடுச்சு.”

“என்ன நீன்னே கூப்பிடுங்கக்கா.”

“அதெல்லாம் வாய்க்கு வரும்போது வரட்டும்” என்று சொல்லிவிட்டு அக்கா போனார்.

வீட்டில் சொன்னபோது மனைவி அழவில்லை, திட்டவும் இல்லை. அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு நின்றாள். “அந்த வார்த்தைய நான் எழுத்துக்கூட்டிச் சொல்லிக் கொடுத்தேனே” என்றாள். பிறகு, “பாவம், வயசாயிடுச்சுன்னு வேற சொன்னேன்” என்றாள். மறுநாள் காலையில் கம்பளிக் குல்லாவைக் காகிதத்தில் சுற்றி அவர் பையில் வைத்தாள். “அவங்க போட்டுக்கட்டும். நம்ம பேர் சொல்ல வேணாம்.”

குல்லாவை அவர் பேக்கிங் பெட்டியில் நுரைத்தாளுக்கு மேல் வைத்து அனுப்பினார். யார் வைத்தது என்று எழுதவில்லை.

கப்பல் போய் இருபத்தோரு நாளில் திரும்பியது. படங்களைப் பார்க்கப் பட்டறை கூடியபோது மூடி கடைசியில், கதவோரம் நின்றார். அறுநூற்றுச் சொச்சம் படம். ஒரு மங்கல் இல்லை. சேற்றில் ஒவ்வொரு மணலும் தெரிந்தது. ஊர்ந்துபோன கோடுகளின் முனையில் ஊர்ந்துபோனவையே உட்கார்ந்திருந்தன. கை தட்டினார்கள். வெயிலில் கறுத்திருந்த அக்கா முதல் வரிசையில் இருந்தார். ஆனால் தண்டோடு நின்ற அந்த உயிர் எந்தப் படத்திலும் இல்லை.

“அதே எடத்துலதான் எறக்கினோம். நாலு தடவை” என்று அக்கா பிறகு வெல்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. “டாக்டரம்மா ரெண்டு நாள் தூங்கல. கடல் அவ்ளோ பெருசு. கப்பல் ஒரு அடி நகந்தா கீழ நண்டு எங்கயோ போயிடுது. அது அங்கதான் எங்கயோ நின்னுக்கிட்டு இருக்கும். இல்ல, செத்துக்கூடப் போயிருக்கும்.”

சில மாதம் கழித்து டாக்டரின் அறிக்கை புத்தகமாக வந்தது. பட்டறைக்கு ஒன்று கொடுத்தார்கள். டீ நேரத்தில் எல்லோர் கையும் மாறி, கடைசியில் மூடியிடம் வந்தது. நாற்பதாம் பக்கத்தில் இருநூற்று ஏழாம் படம் இருந்தது. தண்டு, விரிந்த கம்பிகள், மேலே பால் சிந்திய மங்கல். கீழே சின்ன எழுத்தில் இரண்டு வரி. விரலை வைத்துப் படித்தார். யாரும் எழுத்துக்கூட்டித் தர வேண்டியிருக்கவில்லை. ‘இனம் அறியப்படாதது. மேல்பாதி தெளிவில்லை.’

காரணம் போட்டிருக்கும் என்று அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அதற்கு அடுத்த பக்கமும் பார்த்தார். எங்கேயும் இல்லை.

அக்கா மூடும் அறை வாசலில் வந்து நின்றார். “டாக்டரம்மா கேட்டாங்க, ஏன் தெளிவில்லன்னு ஒரு வரி போடவான்னு. நான்தான் வேணாம்னேன்.”

போட்டிருந்தால் தேவலை என்று மூடிக்குத் தோன்றியது. அதை அக்காவிடம் சொல்ல முடியாது. புத்தகத்தை மூடி வைத்தார்.

“வளையம் வந்திருக்கு. வாங்க, பாத்துச் சொல்லுங்க” என்றார் அக்கா. “கையக் கழுவினீங்களா?”

“கழுவிட்டேன்க்கா.”

அக்கா அவர் கையைப் பார்த்தார்.

“இன்னொரு தடவ கழுவிட்டு வாங்க.”

மூடி குழாயடிக்குப் போனார். சோப்பை எடுத்து, கட்டைவிரலை முதலில் தேய்த்தார்.